நாற்காலியின் வயிற்றுப்பக்கம்

உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிற மனிதர் இல்லை அவர். கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு, கட்சிக் கூட்டம் என்று எங்கே போனாலும் முதலில் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். பிளாஸ்டிக் நாற்காலியின் வயிற்றுப்பக்கத்தில், இருக்கைக்கு நட்டநடுவே, மிளகு அளவுக்கு ஒரு மொட்டு இருக்கும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வழி அது. நமக்குத் தொப்புள் எப்படியோ, நாற்காலிக்கு மொட்டு அப்படி. அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூக்கு படுகிற தூரத்தில் குனிந்து பார்ப்பார். பின்னங்கால் சேருகிற இடத்தை நகத்தால் சுண்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். தீர்ப்பு மூன்று வகைப்படும். ‘உக்காரலாம்.’ ‘ஒல்லியானவங்க உக்காரலாம்.’ ‘துணி காயப் போடலாம்.’

தன் நாற்காலியோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் தொந்தரவில்லை. அடுத்தவர் நாற்காலியும் அவருக்குத் தன்னுடையதுதான். சிங்கவரம் சாலையில் ஒரு மண்டபத்தில், முன்வரிசையில் அமர்ந்திருந்த கட்சிப் பிரமுகர் ஒருவரிடம் போய் நின்றார்.

“அண்ணே, ஒரு நிமிஷம் எழுந்திருங்க.”

“ஏன்யா? வேற யாராச்சும் வராங்களா?” பிரமுகருக்கு நாற்காலி குறித்த பயம் எப்போதும் அந்தத் திசையிலிருந்துதான் வரும்.

“யாரும் வரல. இது ஒல்லியானவங்க சேரு. மேல இன்னொண்ணு போட்டு உக்காருங்க.”

பிரமுகர் இரண்டு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி உட்கார்ந்தார். எல்லோரையும்விட அரையங்குலம் உயரமாகத் தெரிந்தார். அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த விசேஷத்தில் அவரே இரண்டு கேட்டார். அதைப் பார்த்த மற்றொரு பிரமுகரும் இரண்டு கேட்டார். பிறகு செஞ்சி வட்டாரத்தில் ஒற்றை நாற்காலிக்காரர், இரட்டை நாற்காலிக்காரர் என்று பெரிய மனிதர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இன்றைக்கும் எங்காவது ஒருவர் இரண்டை அடுக்கி மிடுக்காக உட்கார்ந்திருந்தால், அந்தக் கௌரவத்தின் மூலகாரணம் பிளாஸ்டிக்கின் பலவீனம்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு ஆசை வரும். சொன்னதில்லை.

திண்டிவனம் சாலையில் இருந்த நாற்காலித் தொழிற்சாலையில் அவர் மிஷின் சூப்பர்வைசர். நான் ஸ்டோர் கீப்பர். என் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ‘ஸ்டோரு’ என்றே கூப்பிடுவார். குடியிருந்ததும் ஒரே தெரு. அதனால் தொழிற்சாலையில் விட்ட பேச்சை வீட்டு வாசலில் எடுத்துக்கொள்வார்.

அவர் பேசுவதெல்லாம் ஒரே விஷயம்: சங்கிலி. பிளாஸ்டிக் என்பது கண்ணுக்குத் தெரியாத நீளநீளமான சங்கிலிகள். உருகிய நிலையில் அவை சிக்குப்பிடித்த தலைமுடிபோலக் கிடக்கும். ஆறும்போது மடிந்து மடிந்து, பக்கம் பக்கமாக வரிசையில் அடுக்கடுக்காகப் படிகமாக உறையும். சங்கிலி குட்டையாக இருந்தால் சட்டென்று வரிசைக்கு வந்துவிடும். நீளமாக இருந்தால் சிக்கு பிரிந்து வர நேரமாகும். இதை எனக்கு அவர் விளங்கவைத்த இடம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில், அமாவாசைக் கூட்டம்.

அவர் கிறிஸ்தவர். அமாவாசைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நான் வேண்டுதலுக்காகப் போனபோது, “கூட்டத்தப் பாக்கணும், நானும் வரேன்” என்று சிறப்புப் பேருந்தில் ஏறிக்கொண்டார். கம்பித் தடுப்புக்கு வெளியே என்னை நிறுத்திவைத்துக் கையை நீட்டினார்.

“அதோ தனியா வந்த ஆளப் பாரு ஸ்டோரு. பூந்தான், லைன்ல நின்னுட்டான். அது குட்ட சங்கிலி. பூரா அந்த மாதிரி ஆளுங்களே வந்தா லைன் நொடியில நேராயிடும். பாக்க ஜோரா இருக்கும். ஆனா நடுவுல ஒரு மாடு பூந்துதுன்னு வச்சிக்கோ. இந்த லைனுக்கும் அந்த லைனுக்கும் ஒட்டே இல்ல. பிச்சிக்கும்.”

“சரிங்க சார்.”

“இப்ப இவங்களப் பாரு. ஒரு ஊரே கை கோத்துக்கினு வருது. லைனுக்கு வரவே மாட்டாங்க. பாதிப்பேரு இந்த லைன்ல, மீதிப்பேரு அடுத்த லைன்ல, கைய மட்டும் விட மாட்டாங்க. மெதுவாத்தான் ஆவும், கோணலாத்தான் இருக்கும். ஆனா மாடு இல்ல, யானையே பூந்தாலும் அறாது. அது நீள சங்கிலி.”

அந்த நேரம் காவலர்கள் கயிற்றைப் பிடித்து வாசல் பக்கம் கூட்டத்தை நெருக்கினார்கள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியா, அழுத்தம்! நெருக்குனா, சும்மா கத பேசிக்கினு இருந்தவன்கூட லைனுக்கு வந்துடுறான். சூடு ஆறுறதுக்கு முன்னாடியே ஒறஞ்சிடும். ஆனா நெருக்கறது வாசல்கிட்ட இருக்கறவனுக்குத்தான் தெரியும். பஸ் நிக்கிற எடத்துல இருக்கறவனுக்கு இன்னா தெரியும்? ஒருத்தன் கல்லாயிட்டான், ஒருத்தன் இன்னும் தளதளன்னு நிக்கறான். வெடிப்பு எங்க வரும்? ரெண்டுபேருக்கும் நடுவுல.”

“யோவ், நீ இன்னா போலீசா?” என்றாள் வரிசையில் நின்ற ஒரு பெண். “வந்தா லைன்ல வா, இல்லாட்டி எடத்தக் காலி பண்ணு. கைய நீட்டி நீட்டிப் பேசிக்கினு.”

“குட்ட சங்கிலி” என்று என் காதில் சொன்னார்.

எங்கள் முதலாளியும் இந்த வகுப்புகளைக் கேட்டவர்தான். ஆனால் அவருக்கு இதிலிருந்து வேறொரு பாடம் கிடைத்தது. குட்டைச் சங்கிலி சீக்கிரம் உறையும் என்றால், ஒரு ஷிப்டில் கூடுதல் நாற்காலி. உடைந்த நாற்காலியையும் ஓரக் கழிவையும் அரைத்துப் புதுப் பிளாஸ்டிக் குருணையோடு கலந்தால் சங்கிலி குட்டையாகும். ஒவ்வொரு முறை உருக்கும்போதும் இன்னும் அறுபடும். விலையும் குறைவு. பழைய பிளாஸ்டிக் வாங்கும் வண்டிகள் எங்கள் கேட்டில் வரிசைகட்டி நின்றதற்கு அதுவே காரணம்.

“பளபளன்னு இருக்குது, கெட்டியா இருக்குது, சீக்கிரமா வருது. உனக்கு இன்னாய்யா பிரச்சனை?” என்பார் முதலாளி.

“கண்ணாடியும் கெட்டியாத்தான் இருக்குது முதலாளி.”

“அப்ப கண்ணாடின்னே சொல்லி வித்துக்கலாம், வெல கூட வரும்.”

இந்த உரையாடல் நடந்த அறையில் முதலாளி உட்கார்ந்திருந்தது தேக்கு நாற்காலி. பார்க்க வருகிற வியாபாரிகளுக்கு மெத்தை வைத்த இரும்பு நாற்காலிகள். நாற்காலித் தொழிற்சாலையின் அலுவலகத்தில் எங்கள் நாற்காலி ஒன்றுகூட இல்லை என்பதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

மனிதர்களையும் அவர் சங்கிலி நீளத்தால்தான் அளந்தார். கேட்டவுடன் பதில் சொல்கிறவன், சீக்கிரம் சிநேகமாகிறவன், நிமிடத்தில் ஒழுங்காகிவிடுகிறவன் எல்லாம் குட்டை. மகள் ஸ்டெல்லாவுக்கு வந்த வரன்களில் பாதியை இப்படியே கழித்தார். ஒரு பையன் பள்ளிக்கூட ஆசிரியன், கணீரென்று பேசினான். “டக்குனு ஒறையறான்” என்று முடித்துவிட்டார். கடைசியில் திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். காபியா, டீயா என்று ஸ்டெல்லாவின் அம்மா கேட்டார். அவன் யோசித்தான். சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தான். மறுபடி யோசித்தான். அவர் என் தொடையில் தட்டினார்.

“நீளம்! ஸ்டோரு, இவன் நல்ல நீளம்!”

“நைனா, அவருக்குக் காது கேக்குதான்னு மொதல்ல பாருங்க” என்றாள் ஸ்டெல்லா கதவுக்குப் பின்னாலிருந்து. ஆனாலும் அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவன் போகும்போது, டீ போதும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கவிழ்த்துப் பார்க்கிற நாற்காலிகளில் எப்போதாவது ஒன்றின் மொட்டைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம் இருக்கும். நகக்கண்ணில் இருக்கும் பிறைபோல, ஆனால் முழு வட்டம். அதைக் கண்டால் மூன்று தீர்ப்பில் எதையும் சொல்லமாட்டார். பந்தல்காரரைத் தனியே கூப்பிட்டுப் பேசி, அந்த நாற்காலிக்குப் பதில் புதிது வாங்கித் தருவதாகச் சொல்லி, பழையதைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். எல்லாம் ஒரே சந்தன நிறம். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையைப் பார்த்த அந்த மொட்டைமாடியில் அவை ஆளுயரத்துக்கு அடுக்கடுக்காக ஏறின. யாரும் தொடக்கூடாது.

“மாடி பூரா சேரு. வூட்ல உக்கார்றதுக்கு ஒண்ணு இல்ல” என்பார் அவர் மனைவி. “கேட்டா ஆராய்ச்சின்றாரு.”

“பழைய பிளாஸ்டிக் வண்டிக்குப் போட்டுடலாமே சார்?” என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“வண்டி நேரா எங்க போவும்? நம்ம கேட்டுக்கு. அரைப்பான், உருக்குவான், சங்கிலி இன்னும் அறும். திரும்பவும் சேராத்தான் வரும். இங்கயே கெடக்கட்டும்.”

நிச்சயதார்த்தம் அவர் வீட்டு வாசலில், தெருவை அடைத்த பந்தலில் நடந்தது. முந்தின நாள் மாலை பந்தல்காரர் வண்டியில் நாற்காலிகளை இறக்கினார். அவர் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். பந்தல்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பொறுமையாக இருந்தார். ‘துணி காயப் போடலாம்’ பக்கம் குவியத் தொடங்கியதும் அவருடைய பொறுமை போயிற்று.

“சார், நீங்க பொண்ணு குடுக்கறீங்களா, சேருக்கு வரன் பாக்கறீங்களா?”

“வர்றவங்க நல்ல கனமான ஆளுங்கய்யா.”

“அப்ப பாறையில உக்கார வைங்க. நம்ம ஊருக்கு அதுக்கா பஞ்சம்?” கழித்தவை எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வேறு அனுப்பவில்லை.

மறுநாள் காலை, மாப்பிள்ளை வீட்டு வேனை எதிர்கொள்ள அவரும் நானும் மெயின் ரோட்டுக்குப் போயிருந்தோம். பந்தலில் நாற்காலி போதவில்லை என்பதை அவருடைய மைத்துனர் கண்டுபிடித்தார். மதுரையிலிருந்து அன்று விடியற்காலைதான் வந்திறங்கியவர். சுறுசுறுப்பானவர். மாடிக்கு ஏறிப் பார்த்திருக்கிறார். அக்காள் அடுப்படியில் இருந்தார். யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

நாங்கள் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துக்கொண்டு தெருமுனை திரும்பினோம். பந்தலின் வலப்பக்கம் முழுக்கப் புதிதுபோல மின்னியது. துடைத்து, கழுவி, கோடு பிடித்தாற்போல் போடப்பட்ட சந்தன நிற நாற்காலிகள்.

“வாங்க மாமா!” என்றார் மைத்துனர். “வாடக சேருல்லாம் கலர் கலரா இருந்துச்சு. மேல இருந்தது பூரா ஒரே கலரு. மாப்ள வூட்டுக்காரங்களுக்குன்னு தனியாப் போட்டுட்டேன். எப்பிடி?”

அவர் பதில் சொல்லுமுன் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் மாப்பிள்ளையின் பெரியப்பா. அந்தக் குடும்பத்தில் எது நடந்தாலும் அவர் தலையசைத்தால்தான் உண்டு. அகலமான மனிதர், பட்டு வேட்டி. சாய்ந்து உட்கார்ந்ததும் எங்கிருந்தோ ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தது. மற்றவர்களுக்கு அது யாரோ பாக்கு கடித்த சத்தம். சூப்பர்வைசர் என் முழங்கையைப் பிடித்தார்.

“இன்னா சார்?”

“அது அத்தினியும் வளையம் போட்ட சேரு ஸ்டோரு.”

வழக்கம்போல ‘எழுந்திருங்க’ என்று சொல்லியிருக்கலாம். பிரமுகர்களையே எழுப்பியவர். ஆனால் பெண் கொடுக்கிற இடத்தில், உட்கார்ந்த சம்பந்தியை எழுப்பினால் கதை முடிந்தது. முந்தின மாதம் அதே தெருவில் தாம்பூலத் தட்டைப் பெரியவருக்குக் கொடுக்காமல் சின்னவருக்குக் கொடுத்ததற்காக ஒரு நிச்சயம் நின்றிருக்கிறது. எழுப்பாமல் விட்டாலோ, பெரியப்பா விழப்போவது தரையில் மட்டுமில்லை. உடைந்த பிளாஸ்டிக் கத்திபோலக் கிழிக்கும். அடுப்படிச் சன்னலில் ஸ்டெல்லாவின் முகம் தெரிந்தது. அவள் நைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதையும் கவிழ்க்காமல் இருக்க வேண்டும் என்ற கவலை அவளுக்கு.

அவர் பந்தலின் நடுவுக்குப் போனார். சின்ன ஜெபம் சொல்லித் தொடங்கிவைக்க உபதேசியார் தயாராக நின்றிருந்தார். அவர் கையிலிருந்த ஜெபமாலையை இவர் வாங்கிக்கொண்டார்.

“எல்லாரும் முழந்தாள் போடுங்க. ஜெபமாலை சொல்லிட்டு ஆரம்பிக்கலாம்.”

“முழுசாவா?” என்றார் உபதேசியார்.

“முழுசா.”

ஜெபம் என்று சொன்னபிறகு உட்கார்ந்திருக்க யாருக்குத் துணிச்சல் வரும்? மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். பெரியப்பா பட்டு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, முனகிக்கொண்டே மணலில் மண்டியிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலின் கடைசிப் பெஞ்சைத் தாண்டாத எங்கள் சூப்பர்வைசர், கணீரென்று ஜெபத்தைத் தொடங்கினார். மாப்பிள்ளை மட்டும் இன்னும் உட்கார்ந்திருந்தான். எழுவதா வேண்டாமா என்ற முடிவுக்கு அவன் வந்துசேர்வதற்குள் ஜெபமாலையின் முதல் பத்து மணிகள் உருண்டு முடிந்திருந்தன.

அவர் கண்ணாலேயே எனக்குச் சொல்லிவிட்டார். நானும் மைத்துனரும் நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பின்பக்கச் சந்துக்குக் கொண்டுபோனோம். கோயில் பெஞ்சுகளைக் கொண்டுவர ஆள் போயிற்று. இரண்டாவது பத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், தலைகுனிந்த நிலையிலேயே என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

“எல்லாம் நான் மிஷின்ல ஓட்டுனது.”

நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின கதை. ஒரு கட்சி மாநாட்டுக்கு அவசர ஆர்டர். நீளச் சங்கிலிக் குருணை வந்துசேரவில்லை. மெல்லிய டப்பா வார்ப்பதற்கென்று விற்கிற, வேகமாக ஓடி வேகமாக உறைகிற குட்டைச் சங்கிலி ரகத்தை முதலாளி இறக்கினார். முதலில் வந்த நாற்காலிகளில் பள்ளம் விழுந்தது. பள்ளத்தை மறைக்க இவர் அழுத்தத்தை ஏற்றினார். மொட்டுப் பக்கம் அழுத்தத்தில் முன்னாலேயே உறைந்தது. தள்ளி இருந்த இடம் பின்னால் உறைந்தது. இரண்டுக்கும் எல்லையாக அந்த வெள்ளை வளையம் விழுந்தது. மற்றபடி அவ்வளவு பளபளப்பான நாற்காலி அந்த அச்சிலிருந்து வந்ததே இல்லை. முதலாளி இவருக்குச் சால்வை போர்த்தினார். மாநாட்டில் ஒன்று உடைந்தது. எதிர்க்கட்சியின் சதி என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார்கள். மீதியை மறுநாள் வட்டாரப் பந்தல்காரர்கள் மலிவாக வாங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர் கவிழ்த்துப் பார்க்கிறார்.

இத்தனையும் அன்று சந்துக்கு நாற்காலி சுமந்தபோது எனக்குத் தெரியாது, பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஐந்தாவது பத்துக்கு வந்தபோது பெஞ்சுகள் இன்னும் வரவில்லை என்பதும், அவருடைய வேண்டுதல் கருத்துகள் தீர்ந்துவிட்டன என்பதும்தான். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் யாருக்காக வேண்டுகிறோம் என்று சொல்ல வேண்டும். மணமக்களுக்காக, பெற்றோருக்காக, நோயாளிகளுக்காக, மழைக்காக எல்லாம் ஆகிவிட்டது. அவர் குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்:

“நான் செஞ்ச சேருல உக்காந்த எல்லாருக்காகவும்.”

கூட்டம் ஒரே குரலில் மன்றாடியது. பெரியப்பாதான் எல்லோரையும்விடச் சத்தமாக.

பெஞ்சுகள் வந்தன. உட்கார்ந்தார்கள். பெரியப்பா முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே தலையசைத்தார்.

“தான் செய்யிற தொழிலக்கூட ஆண்டவர்கிட்ட வைக்கிறாரு பாரு. இந்தக் காலத்துல இப்டி ஒரு பக்தியான குடும்பமா!” நிச்சயம் முடிந்தது. அதற்குப் பிறகு அவர்கள் எப்போது வந்தாலும், இவர் எப்போது போனாலும், சாப்பாட்டுக்கு முன் முழு ஜெபமாலை. பக்தியான குடும்பம் என்ற பெயரைக் காப்பாற்ற அவர் கடைசிவரை மண்டியிட வேண்டியிருந்தது. ஸ்டெல்லா எங்களைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்வாள்.

நாற்காலிகள் மாடிக்கே திரும்பின. சில வருடங்களில் அவர் வேலையை விட்டு மகளோடு பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார். வீட்டை விற்றார். வாங்கியவரிடம் மாடியைத் தொட வேண்டாம் என்று பலமுறை சொல்லியிருந்தார். வாங்கியவர் ஒழுங்கான மனிதர், குப்பை பிடிக்காது. ஒருநாள் நான் வீடு திரும்பும்போது வாசலில் பழைய பிளாஸ்டிக் வண்டி நின்றிருந்தது. அது நிரம்பி, தொழிற்சாலை இருக்கிற திண்டிவனம் சாலைப் பக்கம் திரும்பிப் போனதையும் பார்த்தேன்.

போன வாரம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். புது நாற்காலிகள், சந்தன நிறம், முகம் தெரிகிற பளபளப்பு. கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் ஒன்றைக் கவிழ்த்தேன். மொட்டு சுத்தமாக இருந்தது. வளையம் இல்லை. அடுத்ததிலும் இல்லை. கூட வந்த நண்பர்கள் சிரித்தார்கள். மண்டபத்துக்கு வெளியே வந்து அவருக்குப் போன் செய்து, வீட்டை வாங்கியவர் செய்ததையும் சேர்த்துச் சொன்னேன். இவ்வளவு நாள் சொல்ல மனம் வரவில்லை.

மறுமுனையில் பேரப்பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

“வளையம் இருந்த வரைக்கும் எது எதுன்னு தெரிஞ்சிது ஸ்டோரு. இப்ப எல்லாத்துலயும் கலந்துடுச்சி” என்றார். “நீ உள்ள போ. போயி நின்னுக்கோ.”